கருவிக்கு முன் கை

தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்பே பாகான் செராய்க் கடைத்தெருவில் பந்தற் கடைகள் எழுந்துவிடும். ஒருபுறம் புத்தாடையும் பலகார வகைகளும். மறுபுறம் சிறுவர் மொய்க்கும் விளையாட்டுப் பொருள்கள். அங்கே தொங்கும் விளையாட்டுத் துப்பாக்கிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சிறுவன் எதைப் பார்க்கிறான்? எது மின்னுகிறது, எது பெரிது, எது பேரோசை எழுப்பும் என்னும் மூன்றையே பார்க்கிறான். எட்டு வயதில் அத்தேர்வு குற்றமன்று. ஆனால் அதே சிறுவன் பதினெட்டு வயதடைந்து உண்மையான கைத்துப்பாக்கியைப் பற்றி எண்ணும்போதும் அம்மூன்று அளவுகோல்களையே வைத்திருப்பானாயின், அக்குற்றம் யாருடையது? அவனுடையதா, இடைப்பட்ட பத்தாண்டுகளும் அவனுக்குப் பாடம் சொன்னவர்களுடையதா?

புதிதாகக் குறிசுடப் பழகுவோர் எந்தக் கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? இக்கேள்வியை ஓர் இளைஞன் கேட்டால் அவனுக்கு இன்று இரண்டு விடைகள் கிடைக்கின்றன. ஒன்று, வெள்ளித்திரை தரும் விடை: எது கதாநாயகனின் கையில் அழகாக இருக்கிறதோ அது. மற்றொன்று, பெரியோர் தரும் விடை: ‘சீ, வாயை மூடு.’ முதலாவது விடை பொய். இரண்டாவது, விடையே அன்று. பொய்க்கும் மௌனத்துக்கும் இடையே நிற்கும் இளைஞன் பொய்யையே தேர்ந்தெடுப்பான் என்பதில் வியப்பென்ன? கருவியைத் தேரும் முன் அதனைப் பிடிக்கப்போகும் கையைத் தேர வேண்டும். அக்கை நிற்கும் நாட்டின் சட்டத்தை அறிய வேண்டும். அக்கையை இயக்கும் நோக்கத்தைத் தெளிய வேண்டும். இம்மூன்றும் முடிந்தபின் எழுவதே ‘எந்தத் துப்பாக்கி?’ என்னும் கேள்வி. இந்த வரிசையைக் கற்பிக்கும் கடமை பள்ளிக்கு உண்டு.

‘துப்பாக்கி என்னும் சொல்லே பள்ளி வாயிலுக்குள் நுழையலாகாது’ என்று வாதிடும் நல்லோர் உளர். அவர்தம் அச்சம் மதிக்கத் தக்கதே. ஆயினும் அச்சொல் அவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டா நுழைந்தது? பேராக் மாநிலத்துத் தோட்டப்புறத் தமிழரின் வரலாற்றில் அது முக்கால் நூற்றாண்டாக உறைந்து கிடக்கிறது. 1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டத்துரைகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசர காலம் 1960 வரை நீடித்தது. துரையின் இடுப்பில் கைத்துப்பாக்கி. தோட்டத்து வாயிலில் சிறப்புக் காவலரின் கையில் நெடுந்துப்பாக்கி. இவ்விரண்டுக்கும் இடையே வாளியுடன் பால்மரக் காட்டுக்குப் போய்வந்தவர்கள் இன்றைய மாணாக்கரின் பாட்டனாரும் பாட்டிமாரும்.

அந்நாளிலேயே ஒரு தமிழர் கைத்துப்பாக்கியின் பெயரால் உயிர் துறந்தார். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய எஸ். ஏ. கணபதி, 1949-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் கோலாலம்பூர்ப் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் எவரையேனும் சுட்டார் என்பது குற்றச்சாட்டன்று. கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பதே குற்றச்சாட்டு. இந்திய அரசு அவருக்காகப் பரிந்து பேசியும் பயனில்லாது போயிற்று. அவருடைய அரசியலைப் பற்றிக் கற்றோர் பலவாறு கருதலாம். ஒன்றை மட்டும் எவரும் மறுக்க இயலாது: இந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் கைத்துப்பாக்கி என்பது சுடும்போது மட்டும் கொல்லும் கருவியாக இருந்ததில்லை, வைத்திருக்கும்போதே வைத்திருப்பவனைக் கொல்லவல்ல கருவியாகவும் இருந்தது.

அது காலனியாட்சியின் கொடுமை, விடுதலைக்குப் பின் மறைந்தது என்று எவரேனும் எண்ணினால் அவர் 1977-ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு பினாங்கில் கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காகப் பதினான்கு வயதுப் பள்ளி மாணவன் ஒருவனுக்கு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் மன்னிப்பு வழங்கப்பட்டு அவன் உயிர் பிழைத்தான். பதினான்கு வயது என்பது இடைநிலைப்பள்ளியின் இரண்டாம் படிவம். இலக்கணப் பிழைக்கு ஆசிரியர் சிவப்பு மையால் கோடிடும் வயது. அந்த வயதில் அச்சிறுவன் எதிர்கொண்ட கோடு வேறு. அக்கருவியைத் தொடுமுன் அதைப் பற்றிய சட்டத்தை அவனுக்குப் பள்ளியில் எவரேனும் ஒரு மணி நேரம் சொல்லியிருப்பாரா?

இன்றைய நிலை என்ன? உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது. எனினும் 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 1971-ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டமும் நடைமுறையில் உள்ளன. சட்டத்துக்குப் புறம்பாகத் துப்பாக்கி வைத்திருப்போருக்கு, பின்னைய சட்டப்படி, பதினான்கு ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. குறிப்பிட்ட குற்றங்களைச் செய்கையில் துப்பாக்கியால் சுட்டவருக்கு முன்பு தூக்கு ஒன்றே தண்டனை. 2023-ஆம் ஆண்டு ஜூலையில் அந்தக் கட்டாயம் நீங்கியது. ஆயினும் தூக்கு நீங்கிவிடவில்லை. நீதிபதி தூக்கு விதிக்கலாம். அன்றேல் முப்பது முதல் நாற்பது ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். போலித் துப்பாக்கியைக் காட்டிப் பிறரை உயிரச்சம் கொள்ளச் செய்பவனையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. அவனுக்குப் பத்தாண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. காற்றுத் துப்பாக்கியும் ஆயுதச் சட்டத்துக்கு உட்பட்டதே. உரிமம் வழங்குவது காவல்துறைத் தலைமையின் முடிவு; குடிமகன் கேட்டவுடன் பெறும் உரிமையன்று.

இந்நிலையில், அமெரிக்க நாட்டார் தம் மக்களுக்குச் சொல்லும் அறிவுரையைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்புவிக்கும் இளைஞரும் இருக்கின்றனர். 1791-இல் அந்நாட்டு அரசியலமைப்பில் சேர்ந்த இரண்டாம் திருத்தம் ஆயுதம் தாங்குவதை உரிமையாக்கியது. ஆகவே, ‘வீட்டுக் காவலுக்கு எத்தனை மில்லிமீட்டர்? இடுப்பில் மறைத்துச் செல்ல எந்த அளவு?’ என்பன அங்கே கடைத்தெருக் கேள்விகள். அக்கேள்விகளைக் கிரியான் மாவட்டத்து நெல்வயல் ஓரத்தில் நின்று கேட்பது, பனி கொட்டும் நாட்டின் கம்பளி உடுப்பைப் பங்குனி வெயிலில் உடுத்தி நிற்பதற்கு ஒப்பாகும். இம்மண்ணில் புதியவனுக்கு உரிய கேள்வி வேறு: எந்தச் சங்கத்தில், எந்தப் பயிற்றுநரிடம், எந்த விளையாட்டுக்காக?

இனி, வெள்ளித்திரை தரும் விடையை ஆராய்வோர் 2016-இல் வெளிவந்த ‘கபாலி’ திரைப்படத்தை எண்ணிப் பார்க்கலாம். மலேசியத் தோட்டப்புறத் தமிழரின் துயரத்தையும் குண்டர் கும்பல்களின் உலகையும் பேசிய படம் அது. கெட்டழிந்த இளைஞரைத் திருத்தும் பள்ளி ஒன்றும் அதில் உண்டு. படம் பார்த்துத் திரும்பிய இளைஞரின் நெஞ்சில் தங்கியது எது? நாயகனின் மேலங்கியும் நடையும் தங்கின, கைத்துப்பாக்கியும் தங்கியது, பள்ளிக்கூடம் தங்கவில்லை. இறுதிக் காட்சியில் அப்பள்ளியின் மாணவன் ஒருவன் நாயகனை நெருங்க, வெடியோசை மட்டும் கேட்கிறது. மலேசியத் திரையரங்குகளில் காட்டப்பட்ட படியிலோ, நாயகன் காவல்துறையிடம் சரணடைந்தான் என்னும் வரி சேர்க்கப்பட்டது. ஒரு வரியால் ஒரு தலைமுறையின் கனவைத் திருத்திவிடலாம் என்று நம்பியோரின் எளிமையை என்னென்பது! 2013-இல் உள்துறை அமைச்சு வெளியிட்ட பட்டியலில் 49 குண்டர் கும்பல்கள் இடம்பெற்றன. அவற்றின் உறுப்பினர் ஏறத்தாழ 40,000 பேர். அவருள் 28,000-க்கும் மேற்பட்டோர் இந்தியர். இந்தக் கணக்கைப் படித்த பின்னும் ‘துப்பாக்கியைப் பற்றிப் பள்ளி பேசலாகாது’ என்பவர், தீப்பற்றிய கூரையின்கீழ் அமர்ந்து நெருப்பு என்னும் சொல்லைத் தவிர்ப்பவரே ஆவர்.

‘வாஞ்சிநாதன் ஏந்தியதும் கைத்துப்பாக்கிதானே? அது வீரமன்றோ?’ என்று கேட்கும் மாணாக்கரும் உளர். 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சி, அதே கருவியால் தம் உயிரையும் முடித்துக்கொண்டார். புதுவையில் அவருக்குச் சுடப் பயிற்சி அளித்தவர் தமிழ்ச் சிறுகதையின் முன்னோடியாகப் போற்றப்படும் வ. வே. சு. ஐயர். அதே ஐயர் பின்னாளில் காந்தியடிகளின் நெறியை ஏற்றுச் சேரன்மாதேவியில் குருகுலம் நிறுவினார். அங்கு எழுந்த சமபந்திப் பூசல் வேறொரு கட்டுரைக்கு உரியது. துப்பாக்கி பிடிக்கக் கற்பித்த கை இறுதியில் ஏடு பிடிக்கக் கற்பிக்க விழைந்தது என்பதே இங்குக் கருதத் தக்கது. வாஞ்சியின் கதையை உணர்ச்சியுடன் கற்பிக்கும் தமிழாசிரியர், ஐயரின் கதையின் பிற்பகுதியையும் சேர்த்துக் கற்பிப்பதே முறை.

இவ்வளவும் கூறியபின், கேள்விக்கு நேர்விடை கூறாது நழுவுவது நேர்மையாகாது. புதியவர் கையில் முதலில் இருக்கத் தக்கது எது?

கைத்துப்பாக்கிகளுள் சுழல் துப்பாக்கி என்றும், தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி என்றும் இரு வகை உண்டு. சுழல் துப்பாக்கியின் உருளையைத் திறந்தால் தோட்டா இருப்பதும் இல்லாததும் ஒரே பார்வையில் தெரியும். மற்றதில், பிடியினுள் இருக்கும் தோட்டாக் கூட்டை உருவிவிட்ட பின்னும் குழலின் அடியில் ஒரு தோட்டா தங்கியிருக்கக் கூடும். ‘கூட்டை எடுத்துவிட்டேன், காலிதான்’ என்று நம்பி விசையை அழுத்தியதால் உலகெங்கும் நேர்ந்த சாவுகள் பல. புதியவனின் கண் காண்பது பளபளப்பை; அவன் காணவேண்டியதோ குழலின் அடியை.

அடுத்தது தோட்டாவின் பருமன். பெரிய தோட்டா பெரிய வீரம் என்று எண்ணுவது பேதைமை. வினைக்கு எதிர்வினை உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதியை அறிவியல் வகுப்பில் ஒப்புவிக்கும் மாணவன், அதனைத் தன் மணிக்கட்டில் உணரும் இடம் இது. ஒன்பது மில்லிமீட்டர்த் துப்பாக்கி சுடுந்தோறும் பின்னோக்கி உதைக்கிறது. ஓசையும் செவியை அறைகிறது. புதியவனின் உடல் அந்த உதையை எதிர்பார்த்து, விசை முழுதும் அழுந்துமுன்னரே நடுங்குகிறது, கண் இமைக்கிறது, குழல்முனை தாழ்கிறது, குறி தவறுகிறது. ஒருமுறை படிந்த இந்நடுக்கத்தைப் போக்கப் பல மாதங்கள் வேண்டும். பிழையாக எழுதப் பழகிய எழுத்தைத் திருத்துவதிலும் புதிதாக எழுதப் பழக்குவது எளிது என்பதைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் எவரும் அறிவர். ஆதலால், உதைப்பு மிகக் குறைந்த 5.6 மில்லிமீட்டர்த் தோட்டாவும், அதனினும் மென்மையான காற்றுக் கைத்துப்பாக்கியும் தொடக்கநிலைக்கு உரியவை.

பத்து மீட்டர்க் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டி 1988 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்று வருகிறது. அதன் குண்டு 4.5 மில்லிமீட்டர் பருமன் உடையது. துப்பாக்கியின் எடை 1,500 கிராமுக்கு மேற்படலாகாது. விசையின் இழுப்பு 500 கிராமுக்குக் குறையலாகாது. ஒரு கையால் மட்டுமே பிடித்து, எதிலும் சாயாது நின்று சுட வேண்டும். பத்துப் புள்ளிக்குரிய நடுவட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஐந்து சென் காசைவிடச் சிறியது! தகுதிச் சுற்றில் 75 நிமிடங்களுக்குள் அறுபது குண்டுகள். வாய்வீரம் பேசுவோர் ஒருமுறை அவ்வட்டத்தின் முன் கையை நீட்டி நிற்கட்டும். தம் கை எவ்வளவு நடுங்குகிறது என்பதை முதன்முறையாக அறிந்துகொள்வர்.

பிடி உள்ளங்கைக்குப் பொருந்த வேண்டும். பிறர் கைக்கு அமைந்த பிடி, பிறர் காலுக்குத் தைத்த செருப்பு. சுட்டுவிரலின் நுனிச்சதை விசையின்மீது இயல்பாக அமர வேண்டும். இரு கண்களுள் எது ஆளும் கண் என்பதைச் சோதித்தறிய வேண்டும். வலக்கையர் சிலருக்கு இடக்கண் ஆளும் கண்ணாக இருப்பதுண்டு. இவற்றைக் கடையில் நின்று அறிய இயலாது. சங்கத்துத் துப்பாக்கிகள் சிலவற்றைப் பயிற்றுநரின் கண்காணிப்பில் மாதக்கணக்கில் பிடித்துப் பழகியே அறியலாகும். ஆகவே, புதியவரின் முதல் கைத்துப்பாக்கி அவருடையதாக இருத்தல் வேண்டா. சங்கத்துடையதாக இருத்தலே சாலும். ஸ்டேயர், மொரினி, வால்தர் என்னும் பெயர்களை மனப்பாடம் செய்வது பின்னர்.

முன்னர்ச் செய்ய வேண்டிய மனப்பாடம் நான்கு விதிகளே. எத்துப்பாக்கியையும் தோட்டா ஏற்றியதாகவே கருதுக. அழிக்க விரும்பாத எதன்மீதும் குழலைத் திருப்பாதிருக்க. குறி பார்த்து முடியும்வரை விரலை விசையில் வைக்காதிருக்க. இலக்கையும் இலக்குக்கு அப்பால் உள்ளதையும் அறிக. இந்நான்கையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல இயலாதவருக்கு எத்துப்பாக்கியும் உரியதன்று. கண்ணுக்கும் செவிக்கும் காப்பு அணிதலும், ஈயக் குண்டைத் தொட்ட கையைக் கழுவாது உண்ணாதிருத்தலும் அவ்வொழுக்கத்தின் பகுதிகளே.

இவ்விளையாட்டின் உள்ளே ஓர் அரிய பாடம் உண்டு. குறிபார்ப்பவர் தம் பார்வையை இலக்கில் பதிப்பதில்லை. குழல்முனையில் உள்ள முன்குறியில் பதிக்கிறார். முன்குறி தெளிவாகவும், தொலைவில் உள்ள இலக்கு மங்கலாகவும் தெரிய வேண்டும். பகைவனையே நோக்கிக் கொதிக்கும் கண்ணுக்கு இது கைவராது. தன் கையின் அசைவைத் தானே கண்காணிக்கும் கண்ணுக்கே கைவரும். சினம் நாடித் துடிப்பைக் கூட்டும். கூடிய துடிப்பு குழலை ஆட்டும். துப்பாக்கி சினத்தின் கருவி என்று திரைப்படம் கற்பிக்கிறது. குறிசுடுதலோ, சினந்தவன் தோற்பான் என்று கற்பிக்கிறது. பதினைந்து வயது இளைஞனுக்கு இதனினும் வேண்டிய பாடம் யாது?

கருவியிலும் கையே பெரிது என்பதற்கு உலகம் தரும் சான்றுகள் பல. ஹங்கேரி நாட்டுக் கரோய் தகாச் என்பவர் 1938-இல் கையெறிகுண்டு வெடித்து வலக்கையை இழந்தார். இடக்கையால் பழகினார், 1948-இல் லண்டனிலும் 1952-இல் ஹெல்சிங்கியிலும் விரைவுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்றார். இந்தியாவின் மனு பாக்கர், 2021-இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் துப்பாக்கி பழுதுபட்டுத் தகுதிச் சுற்றோடு வெளியேறினார். 2024-இல் பாரிசில் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் இரு வெண்கலம் பெற்றார். மலேசியாவின் நூர் சூர்யானி, எட்டு மாதக் கருவைச் சுமந்தவாறு 2012 லண்டன் ஒலிம்பிக்கில் காற்று நெடுந்துப்பாக்கிப் போட்டியில் நின்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அதே போட்டியில் உலகத் தரவரிசையின் முதலிடத்தை எட்டினார். திருக்குறளின் முதல் அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு அவருடைய தந்தையின் பெயரே ஒரு பாடக்குறிப்பாகும்! இவர்களுள் எவர் பெயரையாவது தோட்டப்புறத் தமிழ் மாணவன் அறிவானா? திரையில் துப்பாக்கி சுழற்றிய நாயகர் பத்துப் பேரின் பெயரைக் கேட்டால் அவன் மூச்சுவிடாது சொல்வான்.

‘இது செல்வர் விளையாட்டு, ரப்பரும் போய்ச் செம்பனையும் பிறர் கையில் உள்ள தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எட்டுமா?’ என்பது இறுதித் தடை. இதில் உண்மை உண்டு. பாகான் செராயின் மாணவன் ஒருவன் முறையான சுடுதளத்தை நாடிச் செல்லப் பொருளும் வேண்டும், துணையும் வேண்டும். ஆனால் கும்பலில் சேர்வதற்குச் செலவில்லை என்பது எவ்வளவு பெரிய பொய்! வழக்கறிஞர் கட்டணம், பிணைப்பணம், சிறைக்குச் சென்றுவரும் தாயின் பேருந்துக் கட்டணம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தவருக்கு எது செல்வர் விளையாட்டு என்பது விளங்கும். எல்லா மாணவரும் குறிசுடுநர் ஆக வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. எல்லா மாணவரும் துப்பாக்கியைப் பற்றிய உண்மையை அறிந்திருக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

அதற்குப் பெரும்பொருள் வேண்டா. தமிழாசிரியர் ஒரு கட்டுரைப் பாடத்தில் கணபதியின் முடிவையும், பதினான்கு வயதுச் சிறுவனின் தீர்ப்பையும் வரலாறாகச் சொல்லலாம். சட்டம் கூறுவதை ஒரு கருத்துணர்தல் பகுதியாக அமைக்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் காவல்துறை அதிகாரி ஒருவரை அழைத்து உரையாற்றச் செய்யலாம். இடைநிலைப்பள்ளியின் சீருடை இயக்கங்களுக்கும் குறிசுடும் சங்கங்களுக்கும் ஆர்வமுள்ள ஓரிருவரை வழிப்படுத்தலாம். பயிற்சிக் கல்லூரியில் கற்கும் இளம் ஆசிரியர், நாளை தம் வகுப்பில் இக்கேள்வி எழும் என்பதை இன்றே எதிர்பார்த்து விடையை அணியமாக்கிக் கொள்ளலாம்.

பாகான் செராய்க் கடைத்தெருவில் அடுத்த தீபாவளிக்கும் பந்தற் கடைகள் எழும். எட்டு வயதுச் சிறுவன் மின்னுவதையே தேர்ந்தெடுப்பான், தேர்ந்தெடுக்கட்டும். அவன் பதினெட்டு வயதில் எதைத் தேர்ந்தெடுப்பான் என்பது அக்கடையில் முடிவாவதன்று. இடையில் உள்ள பத்தாண்டுகளில் வகுப்பறையில் எவர் வாய்திறந்தார், எவர் வாய்மூடினார் என்பதில்தான் அது முடிவாகிறது.